ஏழு ஹபாயாவும் ஒரு பொன்னாடையும்

எனக்கு இதுவரை வாழ்க்கையில் ஒரே ஒரு பொன்னாடைதான் போர்த்தியிருக்கிறார்கள். அதையும் இருபது நிமிடத்துக்குள் நானே கழற்றி, நாலாக மடித்து, மேசையில் வைத்துவிட்டேன். எங்கள் கல்முனைக் கரையில் ஒரு பொன்னாடையாவது வாங்காமல் மௌத்தானவர்கள் மிகக் குறைவு. ஆனால் போர்த்திய மேடையிலேயே திருப்பிக் கொடுத்தவள் என்ற சாதனை என்னுடையதாகத்தான் இருக்க வேண்டும். (யாராவது முறியடித்திருந்தால் தயவுசெய்து சொல்லுங்கள். தனியாகச் சுமக்கக் கஷ்டமாக இருக்கிறது.)

அப்போது எனக்கு இருபத்தேழு வயது. மலைநாட்டில் ஒரு பல்கலைக்கழகத்தில் பௌதிகவியல் பட்டம் முடித்து, அங்கேயே முதுதத்துவமாணி ஆய்வு செய்துகொண்டிருந்தேன். என் ஆய்வுப்பொருள் ஒரு சில்லு. சிலிக்கனில் செய்தது, சுண்டுவிரல் நகத்தை விடச் சின்னது. அதற்குள் ஆயிரக்கணக்கான குட்டி அறைகள், எங்கள் ஊர் வீடுகளைப் போல சுவரோடு சுவர் ஒட்டி இருக்கும். ஒளியின் ஆகச் சிறிய துணுக்கான போட்டோன் ஒன்று ஓர் அறையில் விழுந்தால் போதும், அந்த அறை ஒரு மின்துடிப்பை விடும். இரண்டு அறைகள் ஒரே நேரத்தில் அடித்தால் துடிப்பு இரண்டு மடங்கு உயரமாக வரும். மூன்று அடித்தால் மூன்று மடங்கு.

இந்தச் சில்லை முழு இருட்டில் வைத்தாலும் சும்மா இருக்காது. சூட்டினால் அவ்வப்போது ஏதாவது ஓர் அறை ஒரு காரணமும் இல்லாமல் அடிக்கும். அந்த வெறும் சத்தத்தை அளப்பதுதான் எனக்குத் தரப்பட்ட வேலை. ஒன்றுமில்லாததை அளக்கவா இவ்வளவு காலம் படித்தாய் என்று நீங்கள் கேட்கத் தேவையில்லை, அதை என் மாமா ஏற்கனவே கேட்டுவிட்டார்.

அந்த நேரம் பார்த்துப் பல்கலைக்கழக ஊழியர்கள் வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். ஆய்வுகூடத்துக்குப் பூட்டு விழுந்தது. பூட்டு விழுவதற்கு முதல் நாள் என் மேற்பார்வையாளரான பேராசிரியையிடம் (நாங்கள் எல்லோரும் ‘மெடம்’ என்றுதான் சொல்வோம்) கையெழுத்து வாங்கி, சில்லையும் அதற்கான கருவிகளையும் மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் ஊருக்கு வந்தேன். “வீட்டில அளந்து பார். நான் சொன்ன வோல்டேஜுக்கு மேல போகாத” என்று மெடம் சொல்லி அனுப்பியிருந்தார். அந்த இரண்டு வசனங்களில் முதலாவதை மட்டும் நான் பின்பற்றினேன்.

வீட்டில் இருட்டு எங்கே கிடைக்கும்? கடலோர ஊரில் பட்டப்பகலில் இருட்டைத் தேடுவது சாதாரண விஷயமில்லை. வாப்பா மீன் வியாபாரி. அவர் ஐஸ் போட்டு மீன் வைக்கும் ரெஜிபோம் பெட்டி ஒன்றைக் கேட்டு வாங்கி, சவர்க்காரம் போட்டு மூன்று தரம் கழுவினேன். சூரை மீன் வாடை போகவில்லை. அதைவிட, பெட்டி வெள்ளையாக இருந்ததால் வெளிச்சம் கசிந்து உள்ளே வந்தது. கறுப்புத் துணி வேண்டும். முஸ்லிம் வீட்டில் கறுப்புத் துணிக்குப் பஞ்சமா என்ன? உம்மா வெளியே போகும்போது உடுப்புக்கு மேல் போடும் நீள அங்கியான ஹபாயாவை எடுத்துப் பெட்டியின் மேல் போர்த்தினேன்.

திரையில் துடிப்புகள் வந்தன. ஒற்றை உயரத்தில் வந்தவை சரிதான், அவை எதிர்பார்த்தவைதான். ஆனால் இரண்டு மடங்கு உயரத்திலும் மூன்று மடங்கு உயரத்திலும் ஏராளமாக வந்தன. இருட்டில் இரண்டு அறைகள் தற்செயலாக ஒரே கணத்தில் அடிப்பது மிக மிக அரிது. அப்படியென்றால் எங்கேயோ வெளிச்சம் கசிகிறது என்று முடிவுகட்டி, என்னுடைய ஹபாயாவையும் போர்த்தினேன். பிறகு தங்கச்சி ஷிபாவுடையதையும் போட்டேன். எண்ணிக்கை குறையவில்லை. சொன்னால் நம்பமாட்டீர்கள், கூடியது.

“உம்மா, இன்னும் ஹபாயா வேணும்.”

“என்னகா இது? ஒரு மையத்து வீட்டுக்குப் போறதெண்டாலும் எனக்கு உடுக்க ஒண்டு வேணாமா?” என்று உம்மா சத்தம் போட்டார். போட்டுவிட்டு, பக்கத்து வீட்டு சபீனா மாமியிடம் இரவல் வாங்கப் போனார். உம்மா அப்படித்தான். திட்டிக்கொண்டே எல்லாம் செய்வார்.

சபீனா மாமியின் ஹபாயா கை ஓரத்தில் பளபளவென்று கல் வைத்தது. கல்லில் பட்டு வெளிச்சம் தெறிக்குமோ என்று அதை உள்பக்கம் வெளியே வரப் புரட்டிப் போட்டேன். (விஞ்ஞானத்தில் கவனம் முக்கியம்.) அந்தக் கிழமைக்குள் ஏழு ஹபாயாக்கள் சேர்ந்துவிட்டன. பெட்டி, மூலையில் ஒரு பருமனான பெண் குந்தியிருப்பது போலத் தெரிந்தது. வீட்டுக்கு வந்த ஒரு கிழவர் அதற்கு ஸலாம் சொல்லிவிட்டுப் போனார்.

இங்கே ஓர் அறிவாளி நின்று யோசித்திருப்பாள். ஏழு துணிகளுக்குள் அந்தச் சில்லு வெந்துகொண்டிருக்கிறது, சூடு கூடினால் அது கூடுதலாகக் கத்தும் என்று முதலாம் வருடப் பிள்ளைக்கும் தெரியும். அதற்கு மேல், துடிப்புகள் திரையில் எடுப்பாகத் தெரிய வேண்டும் என்பதற்காக மெடம் சொன்ன அளவைவிட மூன்று வோல்ட் கூட்டி வைத்திருந்தேன். அந்த வயதில் எனக்கு எதுவும் பெரிதாகத் தெரிந்தால் போதும். ஆகவே நான் யோசித்தது இப்படி: மூட மூடக் குறையவில்லை, எனவே இது வெளிச்சம் அல்ல. ஏழு ஹபாயாவையும் துளைத்துக்கொண்டு வருவதென்றால் அது வானத்திலிருந்து வரும் கதிர்தான். இவ்வளவு கதிர் இதுவரை யாருக்கும் கிடைக்கவில்லை. எனக்குக் கிடைத்திருக்கிறது. கல்முனையில். மீன் பெட்டியில்.

மெடத்துக்கு ‘மிக முக்கியமான முடிவு’ என்று தலைப்புப் போட்டு நீளமாக ஒரு மின்னஞ்சல் எழுதினேன். துடிப்புகளின் வரைபை இணைக்க மறந்துவிட்டேன். அடுத்த நாள் ஒரே வரியில் பதில் வந்தது: “எத்தனை வோல்ட்?” பெரியவர்கள் எப்போதும் இப்படித்தான், ஆகாயத்தைக் காட்டினால் அண்ணாந்து பார்க்காமல் சில்லறைக் கேள்வி கேட்பார்கள் என்று நினைத்துக்கொண்டு, பதில் போடாமல் விட்டேன்.

இதற்கிடையில் வீட்டில் வேறொரு பிரச்சினை ஓடிக்கொண்டிருந்தது. ஷிபா ஏ.எல். பரீட்சையில் நன்றாகச் செய்து, நான் படித்த அதே பல்கலைக்கழகத்துக்குப் பொறியியல் படிக்கத் தெரிவாகியிருந்தாள். பதிவுப் பத்திரத்தை அனுப்பப் பத்து நாட்கள்தான் இருந்தன. வாப்பாவுக்கு முழு விருப்பம். ஆனால் எங்கள் வீட்டில் உம்மாவின் காக்கா, அதாவது அண்ணன், ஓம் என்று சொல்லாமல் எந்தப் பத்திரமும் வாசலைத் தாண்டாது. நெல் ஆலை வைத்திருப்பதால் அவரை மில் மாமா என்போம். நாங்கள் வீடு கட்டியிருக்கும் வளவே அவர் கொடுத்ததுதான். எங்கள் பக்கத்தில் பெண் பிள்ளைக்கு வீடு கட்ட வேண்டும், கல்யாணம் முடித்து மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வந்துவிடுவார். எனக்காகத் தொடங்கிய வீடு பின்வளவில் இடுப்பளவு சுவரோடு நின்றது. மாமா எப்போது வந்தாலும் முதலில் அந்தச் சுவரைப் பார்ப்பார், பிறகு என்னைப் பார்ப்பார்.

அன்று பகல் சாப்பாட்டுக்கு வந்தவர் சுவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மூன்றாவதாக ஹபாயா போட்ட பெட்டியைப் பார்த்தார்.

“மச்சான்,” என்றார் வாப்பாவிடம், “மூத்தவள் ஏழு வரிசமா மலைக்குப் போய் வாறா. என்னத்தக் கொண்டு வந்தா? மீன் பெட்டிக்கு ஹபாயா போட்டு வெச்சிரிக்கா. இப்ப இளையவளையும் அனுப்பினா, அவள் வந்து ஐஸ் பெட்டிக்கு முக்காடு போடுவாள். அதுக்கா பொறியியல்?”

“அவள் நல்லா பாஸ் பண்ணியிரிக்காள் மச்சான்” என்றார் வாப்பா. மீன் சந்தையில் நூறு பேருக்குக் கேட்கும்படி விலை கூவுகிற மனிசனுக்கு, மாமாவின் முன்னால் மட்டும் குரல் தொண்டையை விட்டு வெளியே வராது.

“பாஸ் பண்ணினா அட்டாளைச்சேனைக் கொலேஜுக்குப் போய் டீச்சரா வரட்டும். பின்னேரம் வீட்ட வந்திரலாம். ஒருத்திய அனுப்பிப் பாத்தாச்சி. காணும்.”

திரைச்சீலைக்குப் பின்னால் ஷிபா நின்றாள். கால் மட்டும் தெரிந்தது. அந்தக் கால் பெருவிரல் தரையை அழுத்திக்கொண்டு இருந்ததைப் பார்த்தேன். எனக்கு வந்த கோபம் இன்றைக்கும் ஞாபகம் இருக்கிறது. நான் ஒன்றையும் கொண்டுவராததற்கு இவளா தண்டனை அனுபவிக்க வேண்டும்? அந்தக் கோபத்தோடு சைத்தானும் வந்து என் நாக்கில் ஏறி உட்கார்ந்தான்.

“ஆர் மாமா சொன்ன நான் ஒண்டும் கொண்டு வரல்ல எண்டு? அந்தப் பெட்டிக்குள்ள இரிக்கிறத உலகத்துல ஒருத்தரும் இன்னும் காணல்ல. வானத்துல இருந்து வாற கதிர். ஏழு ஹபாயாவையும் துளைச்சிக்கிட்டு வருது.”

மாமா சோற்றில் இருந்த கையை எடுத்தார். “ஏழையுமா?”

“ஏழையும்.”

“கல்லு வெச்சதையுமா?”

“ஓம் மாமா.”

மாமா பெட்டியைத் திரும்பிப் பார்த்தார். கண்டுபிடிப்பு என்றால் என்ன, கதிர் என்றால் என்ன என்பதெல்லாம் அவருக்குத் தேவையில்லை. ஹபாயா எவ்வளவு தடிப்பு என்று தெரியும், தன் மனைவி வாங்கும்போது விலை கேட்டவர். “மாஷா அல்லாஹ்,” என்றார். “இத ஏன் ஒளிச்சி வெச்சிரிக்காய்? ஊருக்குச் சொல்லணும். ஒரு கூட்டம் வெப்பம். நம்மட பிள்ளய ஊர் பாராட்டட்டும். அண்டைக்கே சபையில வெச்சி நானே ஷிபாட பேப்பரக் குடுக்கிறன். வாக்கு.”

திரைச்சீலைக்குப் பின்னால் பெருவிரல் தரையை அழுத்துவதை நிறுத்தியது. இதற்குப் பிறகு நான் எப்படி வாய் திறப்பேன்?

மாமா ஒரு சமூக சேவை அமைப்பின் தலைவர். அந்த அமைப்பு செய்த ஒரே சேவை பாராட்டு விழாக்கள். ஆனால் மாமா அறிவிப்பதற்கு முன்பே ஊருக்குத் தெரிந்துவிட்டது. உம்மா ஹபாயா இரவல் கேட்கப் போனபோது, ஏன் என்று கேட்ட சபீனா மாமியிடம், “மகள் ஏதோ ஒளியப் பிடிக்கிறா” என்று சொல்லியிருக்கிறார். மதிலுக்கு அந்தப் பக்கம் அது ‘வானத்திலிருந்து ஒளி’ ஆனது. அதற்கடுத்த வீட்டில் ‘புது நட்சத்திரம்’. அஸர் தொழுகை முடிந்து வெளியே வந்த கூட்டத்தில் அந்த நட்சத்திரத்துக்கு என் பெயரை வைத்துவிட்டார்கள். வட்சப் குழுவில், அமெரிக்காவிலிருந்து ஆட்கள் என்னைக் கூட்டிப்போகக் கட்டுநாயக்கா விமான நிலையத்தில் இறங்கிவிட்டதாக வந்தது. அதைப் படித்து நானே ஒரு கணம் சந்தோஷப்பட்டேன்.

மாமா வாக்குக் கொடுத்த எட்டாம் நாள், அஸருக்குப் பிறகு, ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் விழா. மண்டபத்துக்குள் நுழைந்ததும் மேடையின் பின்புறம் தொங்கிய பெனரைப் பார்த்தேன். ஒரு பக்கம் என் அடையாள அட்டைப் படத்தை ஆள் உயரத்துக்குப் பெருப்பித்திருந்தார்கள். (அடையாள அட்டையில் யாரும் அழகாக இருப்பதில்லை. ஆள் உயரத்துக்குப் பெருப்பித்தால் அது குற்றம்.) மேலே ‘விண்கதிர் கண்ட வீராங்கனை’. மறுபக்கம் என்னிடம் மாமா வாங்கிப்போன வரைபு. ஒற்றைத் துடிப்புக்கு ஊசி போல உயர்ந்த ஒரு குத்து, பக்கத்தில் இரண்டாவது குத்து, மூன்றாவது குத்து, நாலாவது என்று படிப்படியாக இறங்கிவந்தது. பெனர் கடைக்காரர் அழகுக்காகக் குத்துகளுக்குத் தங்க நிறம் பூசியிருந்தார்.

“பிரதம அதிதி ஆர் தெரியுமா?” என்றார் மாமா என் காதருகே. “ஒங்கட மெடம்! அவட தங்கச்சிட வீட்ட இஞ்ச வந்து நிக்கிறாவாம். ஒனக்குப் பாராட்டு எண்டு மட்டும் சொன்னன். ஒடன ஓம் எண்டுட்டா.”

மெடம் கல்முனை மெதடிஸ்த குடும்பத்துப் பெண்தான், விடுமுறைக்கு வருவார் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் நான் இதை யோசிக்கவில்லை. பதில் போடாத அந்த ஒருவரிக் கேள்வி அப்போதுதான் ஞாபகம் வந்தது.

குர்ஆனிலிருந்து கிறாஅத் ஓதினார்கள். வரவேற்புரை நடந்தது. ஒரு கவிஞர் எழும்பி, “விண்ணைத் துளைத்தாய் மகளே! எம் மண்ணை உயர்த்தினாய் மகளே!” என்று வாழ்த்துப்பா படித்தார். துளைத்தது நானா கதிரா என்று அவருக்கும் சந்தேகம், எனக்கும் சந்தேகம். அப்போதுதான் மெடம் வேர்க்க விறுவிறுக்க வந்து சேர்ந்தார். உட்காரக்கூட விடாமல் மேடைக்கு ஏற்றி, கையில் பொன்னாடையைக் கொடுத்தார்கள். அவர் சிரித்தபடி எனக்குப் போர்த்தினார். மண்டபம் கை தட்டியது.

“மெடம், கொஞ்சம் இஞ்சால திரும்புங்க, பெனரும் விழணும்” என்றார் படம் எடுப்பவர்.

மெடம் திரும்பினார். பெனரைப் பார்த்தார். அந்தக் கணத்தில் எடுத்த படம் இன்றும் இருக்கிறது. நான் கெமராவைப் பார்த்துப் பல்லைக் காட்டுகிறேன், மெடம் பின்னால் திரும்பி இரண்டாவது குத்தைப் பார்க்கிறார், வாய் திறந்திருக்கிறது.

“நுஸ்ரத்,” என்றார் மெல்ல, “இது நீ எடுத்ததா?”

“ஓம் மெடம்.”

“எத்தின வோல்ட்?”

சொன்னேன்.

“நான் சொன்னது எத்தின?”

அதையும் சொன்னேன்.

“பெட்டிக்குள்ள எவ்வளவு சூடு?”

“ஏழு ஹபாயாவுக்குள்ள மெடம்... அளக்கல்ல.”

மெடம் கண்ணை மூடித் திறந்தார். “பிள்ள, இது வானத்தில இருந்து வரல்ல. வானத்தில இருந்து இவ்வளவு வந்தா இந்த மண்டபத்தில ஒருத்தரும் மிஞ்சமாட்டம். ஒரு அறை அடிக்கிற நேரம் அதுக்குள்ள இருந்தே ஒரு சின்ன வெளிச்சம் கிளம்பும். அது சுவரத் தாண்டிப் பக்கத்து அறைக்குப் போகும். அதுவும் அடிக்கும். ஒண்டா வந்ததத்தான் நீ ரெண்டு மூண்டு எண்டு எண்ணியிருக்கிறாய். வோல்டேஜக் கூட்டினா இது கூடும். புத்தகத்தில ஒரு முழு அத்தியாயம் இருக்கே, வாசிக்கல்லயா?”

இருந்தது. ‘ஒளிக் குறுக்குப்பேச்சு’ என்று ஓர் அத்தியாயம். தலைப்பைப் பார்த்ததுமே, அலுப்பாக இருக்கும் போல என்று தாண்டிப்போயிருந்தேன். வெளியே இருந்து வெளிச்சம் வரக் கூடாதென்று ஊரிலுள்ள ஹபாயா எல்லாம் போட்டு மூடினேன். வெளிச்சம் உள்ளேயே இருந்திருக்கிறது. சில்லு தனக்குத்தானே பேசியதைக் கேட்டுவிட்டு வானம் என்னோடு பேசுவதாக நினைத்திருக்கிறேன்.

“இப்ப ஒண்டும் சொல்லாத,” என்று மெடம் என் கையைத் தட்டினார். “கெம்பஸ் திறக்கட்டும், கதைப்பம்.” நல்ல மனிசி. போய் உட்கார்ந்துவிட்டார்.

நானும் சொல்வதாக இல்லை. உண்மையைச் சொல்கிறேன், எனக்கு அவ்வளவு நேர்மை கிடையாது. இரண்டாவது வரிசையில் ஷிபா உட்கார்ந்திருந்தாள். மடியில் பிளாஸ்டிக் உறை, உறைக்குள் பதிவுப் பத்திரம். இன்னும் கால் மணி நேரம் நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் அந்தப் பத்திரம் மாமாவின் கையால் அவளுக்குக் கிடைத்துவிடும். என் முகத்தைப் பார்த்தே அவளுக்கு ஏதோ விளங்கியிருக்க வேண்டும். வேண்டாம் என்று மிக மெல்லத் தலையை ஆட்டினாள். பொன்னாடைக்குள் எனக்கு வியர்த்துக் கொட்டியது.

அப்போது மாமா ஒலிவாங்கியைப் பிடித்தார். மருமகளின் புகழைப் பாடினார். தாங்கிக்கொண்டேன். ஏழு ஹபாயாக்களையும் ஒவ்வொன்றாக, யாருடையது என்று பெயர் சொல்லி நன்றி சொன்னார். அதையும் தாங்கிக்கொண்டேன். கடைசியில், “இந்தப் படத்த நான் ஒரு புத்தகமா அச்சடிச்சி, அக்கரைப்பற்று வரைக்கும் எல்லாப் பள்ளிக்கூடத்துக்கும் ஏ.எல். பிள்ளயளுக்கு சும்மா குடுக்கப் போறன்! நம்மட பிள்ளயள் இதப் பாத்துப் படிக்கட்டும்!” என்றார்.

மண்டபம் கை தட்டியது. இந்தப் பிழையை ஊர் பேசலாம், கவிஞர் பாடலாம். ஆனால் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகள் இதை மனப்பாடம் செய்து எழுதினால்? ஷிபாவைப் போல இன்னும் எத்தனை பேர் அந்த மண்டபத்திலேயே உட்கார்ந்திருந்தார்கள்! எப்படி எழும்பினேன் என்று தெரியவில்லை. ஒலிவாங்கியை மாமாவின் கையிலிருந்து பறித்தேன். கொடுங்கள் என்று கேட்டதாக நான் சொல்வேன். பறித்தேன் என்று படத்தில் இருக்கிறது.

“அது பிழை,” என்றேன். “அச்சடிக்க வேணாம். நான் ஒண்டையும் கண்டுபிடிக்கல்ல.”

முன்வரிசையில் வாப்பா தலையைக் குனிந்தார். விளக்க வேண்டும். எப்படி விளக்குவது? கண்முன்னே சபீனா மாமி இருந்தார்.

“எங்கட வீட்டுல ஒரு சட்டி விழுந்து உடையுது எண்டு வெச்சிக்கங்க. ஒரு சட்டிதான். ஆனா பக்கத்து வீட்டுல சபீனா மாமி அந்தச் சத்தத்துக்குத் திடுக்கிட்டுக் கையில இருந்த கோப்பையப் போடுறா. அந்தச் சத்தத்துக்கு அடுத்த வீட்டுல இன்னொண்டு விழுது. ரோட்டுல நிண்டு கேக்கிற ஆள், மூணு வீட்டுல சண்டை எண்டு எழுதிக்கிட்டுப் போறான். அந்த ஆள்தான் நான். ஒண்டத்தான் மூண்டெண்டு எண்ணிட்டன். இந்த விழாவும் அப்பிடித்தான் வந்த. உம்மா சொன்னது ஒண்டு. அது மதிலத் தாண்டித் தாண்டி...”

“நான் ஒருத்தருக்கும் சொல்லல்லகா!” என்று பெண்கள் பக்கமிருந்து சபீனா மாமி எழும்பினார். “மருமகளுக்கு மட்டும்தான் சொன்னன்!”

“எனக்குச் சொன்னத நான் எங்கட உம்மாக்கு மட்டும்தான் சொன்னன்!” என்றது பக்கத்துக் கதிரை.

மண்டபம் சிரித்தது. ஒருவர் சிரிக்க மற்றவர் சிரிக்க, பின்வரிசை வரைக்கும் போய், என்ன விஷயம் என்றே தெரியாதவர்கள்தான் கூடுதலாகச் சிரித்தார்கள். (மெடம் பிறகு சொன்னார், குறுக்குப்பேச்சுக்கு இதைவிட நல்ல செய்முறை விளக்கத்தைத் தான் கண்டதில்லை என்று.) நான் சிரிக்கவில்லை. பொன்னாடையைக் கழற்றி மடித்து மேசையில் வைத்தேன். ஷிபா பிளாஸ்டிக் உறையை மெதுவாகக் கைப்பைக்குள் திரும்ப வைப்பதைப் பார்த்தேன். என் வாழ்க்கையில் அவ்வளவு கேவலமாக நான் உணர்ந்தது கிடையாது. அவளுடைய படிப்பை என் வாயால் எடுத்துக் கொடுத்து, என் வாயாலேயே பறித்துவிட்டேன்.

மாமா என்னைப் பார்க்கவில்லை. மெடத்திடம் போனார். கோபத்தில் அவருடைய கழுத்து நரம்பு தெரிந்தது.

“மெடம், நீங்க வந்து ஏறி, படத்த ஒருக்காத்தான் பாத்தீங்க. பாத்த ஒடன பிழை எண்டு எப்பிடித் தெரிஞ்ச?”

“எத்தினையோ வருசமா இதத்தானே செய்யிறன்,” என்றார் மெடம். “என்ட முதலாவது அளவையில நானும் இதே பிழைய விட்டன். எனக்குப் பக்கத்தில வேல செய்த பிள்ளதான் கண்டுபிடிச்சது. எனக்குப் பெனர் அடிக்கல்ல, அவ்வளவுதான் வித்தியாசம்.”

“அப்ப இவள் படிச்சது காணாது?”

“காணாது.”

மாமா யோசித்தார். மண்டபம் நிறையச் சனம், பின்னால் இருநூறு பேருக்குச் சாப்பாடு, மேசையில் அனாதையாக ஒரு பொன்னாடை. தலைவர் என்ற முறையில் எதையாவது செய்து இந்த விழாவை முடிக்க வேண்டிய நிலை. ஒலிவாங்கியை என் கையிலிருந்து வாங்கினார் (பறித்தார்).

“மச்சான்,” என்று முன்வரிசையைப் பார்த்துச் சொன்னார், மண்டபம் முழுக்கக் கேட்க. “இப்பதான் எனக்கு விளங்கின. ஒருத்திய மட்டும் தனிய அனுப்பினது நம்மட பிழை. பிழை விட்டா பக்கத்துல நிண்டு பாக்கிறதுக்கு ஆள் இல்ல. இப்பிடி ஊரக் கூட்டி மானம் போறதுக்கு, ரெண்டு பேரையும் அனுப்பினா ஒருத்தி விடுற பிழைய மத்தவள் வீட்டுலயே புடிப்பாள். ஷிபா! எங்க அந்தப் பேப்பர்? கொண்டா இஞ்ச.”

ஷிபா மேடைக்கு ஓடிவந்த ஓட்டத்தில் ஒரு செருப்பு கீழேயே நின்றுவிட்டது. மாமா பத்திரத்தை வாங்கி, அவளிடமே திருப்பிக் கொடுத்து, படம் எடுக்கச் சொன்னார். வாப்பா அழுதார். தூசு விழுந்தது என்றார். உம்மா அந்தப் பொன்னாடையை எடுத்துத் தன் கைப்பைக்குள் திணித்துக்கொண்டார். “மெய்யா ஒண்டக் கண்டுபிடிச்சிட்டு வாற ஆளுக்குப் போத்துவம்” என்றார் என்னை முறைத்தபடி.

வேலைநிறுத்தம் முடிந்து ஆய்வுகூடம் திறந்ததும் நான் செய்த முதல் வேலை வோல்டேஜைக் குறைத்தது. இரண்டாவது குத்து பாதிக்கு மேல் படுத்துவிட்டது. கடைசியில் என் ஆய்வே அந்தக் குறுக்குப்பேச்சைப் பற்றித்தான் என்றானது. அறைகளுக்கு நடுவே நுண்ணிய பள்ளம் வெட்டி, வெளிச்சம் தாண்டாதபடி நிரப்பும் முறைகளைப் பற்றி எழுதிப் பட்டம் வாங்கினேன். வாப்பா அதை இப்படி விளங்கிக்கொண்டார்: “சபீனாட மதில ஒசத்திக் கட்டுற மாதிரி.” சரியாகத்தான் விளங்கியிருக்கிறார். அந்த மதிலை உயர்த்தவில்லை. உயர்த்தினால் எங்களுக்குச் செய்தி எப்படிக் கிடைக்கும்?

ஹபாயாக்கள் ஆள் மாறிப் போய்விட்டன. தனக்குக் கிடைத்ததில் சூரை வாடை வருகிறதென்று சபீனா மாமி ஒவ்வொரு பெருநாளுக்கும் சொல்வார். பெனர் மாமாவின் ஆலையில் நெல் மூட்டைகளுக்கு மேல் போர்த்தியிருக்கிறது. மழைக்காலத்தில் போனால் என் மூக்கில் தண்ணீர் தேங்கி நிற்கும். வீட்டில் யாராவது ஒரு சங்கதியைப் பெரிதாகக் கதைக்கத் தொடங்கினால், “வோல்டேஜக் குறை” என்பது எங்கள் குடும்ப வழக்கம். பிறந்ததிலிருந்து காக்காவை எதிர்த்து ஒரு வார்த்தை பேசாத உம்மா, இந்த ஒன்றை மட்டும் மில் மாமாவின் முகத்துக்கு நேரே சொல்வார். மாமாவும் குறைத்துக்கொள்வார்.

ஷிபா இப்போது கடைசி வருடம். போன மாதம் வீட்டுக்குத் தொலைபேசி எடுத்தாள். குரல் பதறியது. “வாப்பா, என்ட ப்ராஜெக்ட் ரிசல்ட் வந்திரிக்கி. இதுக்கு முதல் ஒருத்தரும் இப்பிடி எடுக்கல்லயாம். படிப்பிக்கிற சேரே ஆச்சரியப்பட்டாரு!”

உம்மா எழும்பி, பொன்னாடை இருக்கும் அலுமாரியைத் திறக்கப் போனார். வாப்பா அவரைக் கையால் மறித்தார். வோல்டேஜ் என்றால் என்னவென்று வாப்பாவுக்கு இன்றுவரை தெரியாது. தொண்டையைச் செருமிக்கொண்டு, மீன் சந்தையில் விலை கூவுகிற குரலில் கேட்டார்:

“எத்தின வோல்ட் மகள்?”